ஒரு நிமிடத்துக்கு 8 ரூபாய்: ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஜாப் கார்டு, ஒரு பட்டறைக்காரரின் மதிப்பீடு

கோவையில் ஜாப் வொர்க் பட்டறை, அதாவது பிறருக்கான பாகங்களைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் பட்டறை, நடத்தும் யாரிடமும் நேற்று எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். நேற்று எந்தப் பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று கேட்டால், கொஞ்சம் யோசித்த பிறகு, "சுமாரா ஒரு ஷிஃப்ட் ஓடியிருக்கும்" என்பதுதான் பெரும்பாலும் விடையாக வரும். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் பட்டறையிலும் அதுவே நிலைமையாக இருந்தது. 4 வி.எம்.சி. (கணினி வழி இயங்கும் மில்லிங் இயந்திரம்), 3 சி.என்.சி. டர்னிங் சென்டர் (கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம்), ஒரு ரேடியல் டிரில் (துளையிடும் இயந்திரம்), 2 ஷிஃப்டுக்கும் சேர்த்து 14 பேர். வாசலில் கைரேகை வைக்கும் பஞ்சிங் மெஷின் உண்டு; மேசையில் ஒவ்வொரு வேலையும் எந்தெந்தக் கட்டத்தைத் தாண்டியது என்று எழுதும் ரூட் கார்டு உண்டு; இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காக ஒன்றரை ஆண்டாக, ஒரு தொழிலின் கணக்கு, கொள்முதல், உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மென்பொருளின் உற்பத்திப் பிரிவை, குறிப்பாக அதிலுள்ள ஜாப் கார்டு என்ற பகுதியைப் பயன்படுத்தி வருகிறோம். நாங்கள் வைத்திருப்பது 15ஆம் பதிப்பு. கணக்கு, ஜி.எஸ்.டி., கொள்முதல் போன்ற பிற பகுதிகளைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரு வேலைக்கு ஓர் ஆளும் ஓர் இயந்திரமும் செலவிட்ட நேரத்தை இது எவ்வளவு ஒழுங்காகப் பிடித்துக் கொடுக்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம்.

வருகை நேரத்தைப் பதிவு செய்யும் தொழில் பழையது. இன்று கணினிக்குப் பெயர் போன ஐ.பி.எம். நிறுவனத்தின் முன்னோடிகளில் ஒன்று, ஆலைத் தொழிலாளர்களின் வருகையைப் பதியும் கடிகாரங்களைச் செய்த நிறுவனம்தான். அது 1911இல் வேறு சில நிறுவனங்களோடு இணைக்கப்பட்டு, 1924இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஆள் வாசலைத் தாண்டிய நேரத்தை அந்தக் கடிகாரங்கள் அச்சடித்துக் கொடுத்தன. உள்ளே வந்தவர் அந்த எட்டரை மணி நேரத்தை எந்தெந்த வேலைக்குப் பகிர்ந்து கொடுத்தார் என்பது வேறு கணக்கு. கொட்டேஷன் போடும்போது கைகொடுப்பது இந்த இரண்டாவது கணக்கு மட்டுமே.

எங்களை இந்த மென்பொருளுக்குத் தள்ளிய வேலை ஒரு வார்ப்பிரும்புப் பம்ப் பிராக்கெட். 200 பீஸ் கொண்ட லாட். செட்டிங் (வேலைக்கு இயந்திரத்தைத் தயார் செய்வது) 60 நிமிடம், பீஸ் ஒன்றுக்கு 6 நிமிடம் என்று கணக்கிட்டு, மொத்தம் 1,260 நிமிடம் என்று வைத்தேன். வி.எம்.சி.க்கு மணிக்கு 480 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு 8 ரூபாய் என்பது எங்கள் கணக்கு. அதன்படி பீஸுக்கு 50 ரூபாய் 40 காசு அடக்கம் வந்தது. 54 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தேன். நல்ல வேலை, மாதாமாதம் வருகிறது, இயந்திரம் சும்மா நிற்பதில்லை என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம். செட்டிங்கைத் தனியாகப் பிரித்து ஜாப் கார்டில் ஏற்றிய முதல் மாதமே உண்மை வெளிப்பட்டது: செட்டிங்குக்கு 150 நிமிடம், பீஸைக் கழற்றி, ஊதித் துடைத்து, அடுத்ததை மாட்டும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் 7 நிமிடம். ஆக 1,550 நிமிடம், 12,400 ரூபாய், பீஸுக்கு 62 ரூபாய். ஒவ்வொரு பீஸிலும் 8 ரூபாய் நஷ்டப்பட்டு, லாட்டுக்கு 1,600 ரூபாயை நாங்களே பார்ட்டிக்குக் கொடுத்துவந்திருக்கிறோம். இதில் இன்னொரு கொடுமை, அவசரம் என்று கேட்டபோதெல்லாம் அதே 54 ரூபாய்க்கு 50 பீஸாகவும் ஓட்டிக் கொடுத்ததுதான். 50 பீஸ் லாட்டில் செட்டிங் நேரம் அப்படியே 150 நிமிடமாக நிற்பதால், அடக்கம் பீஸுக்கு 80 ரூபாய் ஆகிறது.

மென்பொருளின் வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளுக்கு என்னென்ன மூலப்பொருள் வேண்டும், என்னென்ன ஆபரேஷன் செய்ய வேண்டும், ஒவ்வோர் ஆபரேஷனும் எந்த இயந்திரத்தில் எத்தனை நிமிடம் ஓடும் என்பதை பி.ஓ.எம். என்ற பட்டியலில் ஒருமுறை எழுதி வைக்க வேண்டும். ஆர்டர் வந்ததும் வொர்க் ஆர்டர் போட்டால், ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் ஒரு ஜாப் கார்டு உருவாகிறது. ஆபரேட்டர் அதைத் திறந்து தன் பெயரைத் தேர்ந்து ஸ்டார்ட் அழுத்துகிறார். டீ குடிக்கப் போனால் பாஸ் (நேரத்தை இடைநிறுத்தும் பொத்தான்), திரும்பினால் ரெஸ்யூம், முடிந்தால் கம்ப்ளீட் அழுத்தி எத்தனை பீஸ் என்று போடுகிறார். ஒவ்வொரு துண்டு நேரமும் யார், எப்போது முதல் எப்போது வரை, எத்தனை நிமிடம், எத்தனை பீஸ் என்ற வரிசையாகக் கார்டுக்குள் சேர்ந்துகொண்டே வருகிறது. இந்த நிமிடங்கள் வொர்க் ஆர்டருக்குத் திரும்பிப் போய், திட்டமிட்ட இயக்கச் செலவு, உண்மையான இயக்கச் செலவு என்று இரண்டு தொகைகளாக ஒரே பக்கத்தில் நிற்கின்றன. நான் தினமும் காலையில் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களைத்தான். கணக்குப்பிள்ளை வைத்துத் தயாரிக்கும் எந்த மாத அறிக்கையும் எனக்கு இவ்வளவு பயன்பட்டதில்லை.

இயந்திரத்தின் மணிக்கட்டணத்தை மென்பொருள் நான்கு பகுதியாகக் கேட்கிறது: மின்சாரம், வாடகை, நுகர்பொருள், கூலி. எங்கள் வி.எம்.சி.க்கு முறையே 60, 240, 60, 120 என்று போட்டிருக்கிறோம். இயந்திரத்தின் தேய்மானத்துக்கும் வங்கித் தவணைக்கும் தனியிடம் இல்லாததால், வாடகை என்ற பெட்டியிலேயே இரண்டையும் அடக்கிவிட்டோம். கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), இன்சர்ட் (வெட்டும் முனை) எல்லாம் நுகர்பொருளில் போகின்றன. தொடக்கத்தில் இதை அமைத்துக்கொடுத்த ஆலோசகர் 4 வி.எம்.சி.யையும் ஒரே வொர்க்ஸ்டேஷனாக, அதாவது ஒரே இயந்திரம்போலப் பதிந்து, பழைய இயந்திரத்துக்கும் புது இயந்திரத்துக்கும் ஒரே கட்டணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதம் தவறான எண்களைச் சரியான எண்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அதில் மென்பொருளின் குற்றம் ஏதுமில்லை. மணிக்கட்டணத்தைப் பட்டறை முதலாளியே உட்கார்ந்து போட வேண்டும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன்.

இனி செட்டிங். ஜாப் வொர்க்கில் பணம் கசிகிற இடம் இதுதான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சரை மாட்டுவது, டூல் ஆஃப்செட் (வெட்டும் கருவிகளின் அளவு) எடுப்பது, புரோகிராமைத் திருத்துவது, முதல் பீஸை ஓட்டி அளந்து ஓ.கே. வாங்குவது ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் செட்டிங். நாங்கள் முதலில் செட்டிங்கையும் மில்லிங்கையும் ஒரே ஆபரேஷனாக வைத்திருந்தோம். அப்படி வைத்தால், 200 பீஸுக்கு ஆன மொத்த நேரத்தைப் பீஸ் எண்ணிக்கையால் வகுத்து ஒரு சராசரி கிடைக்கும். அந்தச் சராசரியை வைத்து 50 பீஸுக்குக் கொட்டேஷன் போட்டால் நஷ்டம் உறுதி. பி.ஓ.எம். பட்டியலில் ஓர் ஆபரேஷனுக்கு எதிரே, அதன் நேரம் பீஸ் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று என்று குறிக்க ஒரு சிறு கட்டம் இருக்கிறது. செட்டிங்கைத் தனி ஆபரேஷனாகப் பிரித்து, அந்தக் கட்டத்தில் குறியிட்ட நாளிலிருந்து எங்கள் கொட்டேஷன்களின் முகமே மாறிவிட்டது. இப்போது செட்டிங்குக்கு ஒரு கார்டு, ஓட்டுவதற்கு ஒரு கார்டு. லாட் எவ்வளவு சிறிதானாலும் செட்டிங்கின் 150 நிமிடம் அப்படியே இருக்கும் என்பதைத் திரையில் காட்டிய பிறகு, எங்கள் பார்ட்டியே 50 பீஸ் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நெருடல் உண்டு. ஜாப் கார்டை முடிக்க வேண்டுமென்றால், முடிந்த எண்ணிக்கையும் செய்ய வேண்டிய எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். செட்டிங் கார்டும் 200 பீஸுக்கான கார்டுதான் என்பதால், செட்டிங் முடிந்ததும் அதில் 200 என்று போட்டால்தான் கார்டு மூடும். முதல் நாள் எங்கள் மூத்த செட்டரிடம் இதைச் சொன்னபோது அவர் டேப்லெட்டைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார். என் அப்பா காலத்திலிருந்து பட்டறையில் இருப்பவர். என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார். "தம்பி, இன்னும் ஒரு பீஸ்கூட ஓடலைங்க. 200னு நான் எப்படிங்க போடறது? நாளைக்கு எவனாவது எடுத்துப் பார்த்தா, பொய்க் கணக்கு எழுதினவன்னு என்னைத்தானே சொல்லுவான்?" என்றார். "அண்ணா, அது செட்டிங் முடிஞ்சுதுங்கறதுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்" என்று நான் சொன்ன விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. எனக்கும் அந்த விளக்கம் முழுத் திருப்தி தரவில்லை. செட்டிங் என்பதைத் தனி வகையாக அறிந்த மென்பொருளாக இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. சலவை சோப்பை வரிசையாக வெட்டிக்கொண்டே போகும் ஆலைக்கு இது பொருட்டில்லை. ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் மூன்று வேலை மாறும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இதைவிடக் கடினமான சிக்கல் ஓர் ஆள் இரண்டு இயந்திரம் பார்ப்பது. நீண்ட சைக்கிள் (ஒரு பீஸை முடிக்க இயந்திரம் எடுக்கும் நேரம்) உள்ள வேலைகளில், ஒரே ஆபரேட்டர் இந்த இயந்திரத்தில் மாட்டிவிட்டு அந்த இயந்திரத்தில் கழற்றுவது கோவையில் எல்லாப் பட்டறைகளிலும் நடப்பது. ஜாப் கார்டு இதை ஏற்பதில்லை. ஒரே ஊழியரின் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் வந்தால், நேரம் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. ஓர் இயந்திரத்தில் ஒரே சமயத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்பதை நாமே அமைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் மனிதருக்கு அந்த எண் எப்போதும் ஒன்றுதான். கணக்குக்குப் பாதுகாப்பான விதி என்பதில் சந்தேகமில்லை, ஏனென்றால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மணி நேரக் கூலியை ஏற்றிவிடும் தவறு இதனால் தடுக்கப்படுகிறது. பட்டறை நடப்புக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை.

நாங்கள் கண்ட வழி அழகானதன்று, ஆனால் ஓடுகிறது. ஜோடியாக ஓடும் இரண்டு இயந்திரங்களில் நீண்ட சைக்கிள் உள்ளதில் ஆபரேட்டரின் உண்மையான பெயரைப் போடுகிறோம். மற்றதில் "ஜோடி 2" என்ற பெயரில் உருவாக்கி வைத்திருக்கும் ஒரு கற்பனை ஊழியரைப் போடுகிறோம். கூலி 120 ரூபாயை இரண்டு இயந்திரத்தின் கட்டணத்திலும் 60, 60 என்று பிரித்துவிட்டோம். இரண்டும் ஓடும்வரை கணக்கு சரியாக நிற்கும். ஒன்று பழுதாகி மற்றது மட்டும் ஓடும் நாளில் கூலி பாதியாகக் குறைந்து காட்டும். அந்த நாட்களை நான் கையால் குறித்து வைத்துக்கொள்கிறேன். மென்பொருள் வாங்கிய பிறகும் என் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கூலி இயந்திரத்தோடு ஒட்டியிருப்பதால் வரும் இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள செட்டர் ஓட்டினாலும், போன மாதம் ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் ஓட்டினாலும் ஜாப் கார்டில் ஒரு மணி நேரத்தின் விலை ஒன்றே. அதேபோல, வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டிய ஓ.டி.க்கு (ஓவர்டைம்) இரட்டிப்புக் கூலி கொடுக்க வேண்டும் என்பது சட்டம்; ஓ.டி.யில் ஓடிய வேலைக்கும் பகல் ஷிஃப்டில் ஓடிய வேலைக்கும் கார்டில் ஒரே கட்டணம்தான் விழும். அமைப்புகளில் ஓவர்டைம் என்ற பெயரில் ஓர் அனுமதி இருப்பதைப் பார்த்து நான் முதலில் ஏமாந்தேன். இயந்திரத்தின் வேலை நேரத்துக்கு வெளியேயும் வேலையைத் திட்டமிடலாம் என்பதற்கான அனுமதி அது. கூலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆளுக்கு ஆள் விலை மாற வேண்டுமென்றால் அதே மென்பொருளில் டைம்ஷீட் என்று வேறொரு பகுதி இருக்கிறது. அதில் ஓர் ஊழியருக்கு ஒரு வகைச் செயலுக்கு இன்ன அடக்கவிலை, இன்ன விற்பனைவிலை என்று தனித்தனியாக வைக்கலாம். மணி நேரத்தை நேராக இன்வாய்ஸுக்குக் கொண்டுபோகலாம். மனிதவளப் பிரிவோடு சேர்த்தால் டைம்ஷீட்டை வைத்தே சம்பளமும் போடலாம். அந்த மனிதவளப் பிரிவு 14ஆம் பதிப்பிலிருந்து தனிச் செயலியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை வாங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அதைத் தனியாக நிறுவ வேண்டும். டிசைன் அலுவலகம், ஆடிட்டர் அலுவலகம், களத்துக்குப் போய்ப் பழுது பார்ப்பவர்கள் ஆகியோருக்கு டைம்ஷீட் போதும், ஜாப் கார்டு தேவையே இல்லை. நாங்கள் ஃபிக்சர் வடிவமைக்கும் ஒருவருக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம், குறையொன்றும் இல்லை.

ரீவொர்க்கை மென்பொருள் கையாளும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. முடிந்த ஜாப் கார்டிலிருந்தே திருத்த வேலைக்கென ஒரு தனிக் கார்டு எடுக்கலாம். அதன் நேரம் தனியாக நிற்கும். அந்தச் செலவைப் பொருளின் மதிப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் நாமே முடிவு செய்யலாம். முன்பெல்லாம் மறு டேப்பிங் (துளையில் மரை வெட்டுவது) செய்த நேரம் அடுத்த வேலையின் தலையில் போய் விழுந்துவிடும், யாருக்கும் தெரியாது.

இயந்திரம் நின்ற நேரத்தைப் பதிய டவுன்டைம் என்று ஒரு பதிவு இருக்கிறது. காரணங்களின் பட்டியலில் செட்டிங் இழுத்துவிட்டது, எதிர்பாராத பராமரிப்பு, ஆபரேட்டர் தவறு, இயந்திரக் கோளாறு ஆகியவற்றோடு கரண்ட் இல்லை என்பதும் தனி வரியாக நிற்பதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. மும்பையில் உருவான மென்பொருள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மெட்டீரியல் வரவில்லை, இன்சர்ட் இல்லை, டிராயிங்கில் சந்தேகம் போன்ற ஜாப் வொர்க்கின் அன்றாடக் காரணங்கள் எல்லாம் மற்றவை என்ற ஒரே வரியில் போய் விழுகின்றன. பட்டியலை நாமே நீட்டிக்கொள்ள வழியிருப்பதால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். நாங்கள் சேர்த்த வரிகளில் ஒன்று "முதல் பீஸ் ஓ.கே.க்குக் காத்திருப்பு". அந்த ஒரு வரி மூன்றே வாரத்தில் எல்லாக் காரணங்களையும் பின்னுக்குத் தள்ளி மேலே ஏறிவிட்டது. முதல் பீஸை அளந்து ஓ.கே. சொல்ல வேண்டியவன் நான். நான் பாக்கி வசூலுக்காகக் கணபதிக்கும் பீளமேட்டுக்கும் போய்வந்த நேரமெல்லாம் நிமிடத்துக்கு 8 ரூபாய் வீதம் அந்த வரியில் ஏறியிருந்தது. இப்போது செட்டருக்கே ஓ.கே. சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறேன். உயரம் அளக்கும் ஹைட் கேஜ் இன்னொன்று வாங்கியாகிவிட்டது.

ஆட்கள் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பது மென்பொருளின் தரத்தைப் போலவே முக்கியம். டேப்லெட் வந்த முதல் வாரம், கூலியைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பட்டறை முழுக்கப் பேச்சு. ஒரு பையன் ஒன்றுக்குப் போகும்போதுகூட பாஸ் அழுத்திவிட்டுப் போனான். இன்னொருவர் ஒருமுறைகூட பாஸ் அழுத்தவே இல்லை. இந்த நேரக்கணக்கை வைத்து யாருடைய சம்பளத்திலும் கை வைக்க மாட்டேன் என்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லி, ஒவ்வொரு சனிக்கிழமையும் டவுன்டைம் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டத் தொடங்கினேன். மேலே முதலாளியின் பெயரில் ஒரு வரி நிற்பதைப் பார்த்த பிறகுதான் பதிவுகள் நம்பத்தக்கவையாக மாறின. பதிந்து முடித்துச் சமர்ப்பித்த கார்டை யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாது, ரத்து செய்து மறுபடி எழுத வேண்டும், ரத்தானதும் அப்படியே இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. சூப்பர்வைசர் தங்கள் நேரத்தை மாற்றிவிடுவார் என்ற பயம் போயிற்று.

மறதிக்கு மட்டும் இன்னும் மருந்து கிடைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து பாஸ் அழுத்தாமல் போய்விட்டால், நேரம் மறுநாள் காலை வரை ஓடிக்கொண்டேயிருக்கும். சமர்ப்பிக்கும் முன் நேரத்தைக் கையால் திருத்தலாம் என்பதால், தினமும் காலை 10 நிமிடம் சூப்பர்வைசர் முந்தைய நாள் கார்டுகளைச் சரிபார்ப்பதை வழக்கமாக்கிவிட்டோம். வருகைப் பதிவையும் ஜாப் கார்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஓர் அறிக்கையைத் தனியாக எழுதிக்கொண்டோம். ஒருவர் 480 நிமிடம் இருந்து 900 நிமிடம் வேலை செய்ததாக வந்தால் உடனே கண்ணில் படும். அதே அறிக்கையில் 480க்கு 390 என்று வந்தால் நான் கேள்வி கேட்பதில்லை. துடைப்பது, எண்ணெய் விடுவது, சிப்ஸ் அள்ளுவது எல்லாம் அந்த 90 நிமிடத்துக்குள்தான் இருக்கிறது.

எண்ணெய்க் கையோடு திரையைத் தொடுவது இன்னொரு தலைவலி. கூலன்ட் ஈரத்தில் தொடுதிரை சொன்னபடி கேட்காது. கார்டின் அச்சு வடிவத்தை மாற்றி ஒவ்வொன்றிலும் ஒரு கியூ.ஆர். குறியீட்டை அச்சிட்டு, இயந்திரத்தின் பக்கவாட்டில் காந்தக் கிளிப்பில் மாட்டி வைத்திருக்கிறோம்; டேப்லெட்டின் கேமராவைக் காட்டினால் அந்தக் கார்டே திறந்துகொள்ளும். தேடித் தேடித் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். சர்வரோடு தொடர்பு இல்லாவிட்டால் எதுவும் பதியாது என்பதால், சர்வரைப் பட்டறைக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் வைத்து யு.பி.எஸ். கொடுத்துவிட்டோம். இணையம் போனாலும் உள்ளே வேலை நடக்கிறது.

செலவு. மென்பொருள் திறமூல உரிமத்தில் வருவதால் ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணம் கிடையாது. 14 பேரும் பயன்படுத்தலாம், 40 பேரும் பயன்படுத்தலாம். இதை உருவாக்கிய ஃப்ராப்பே நிறுவனமே மேகச் சேவையில் வாடகைக்கும் தருகிறது. பட்டறை ஆட்களுக்கு ஆளுக்கொரு கணக்கு வாங்கிக் கட்டுப்படியாகாத சிறு தொழிலுக்கு இந்த ஓர் அம்சமே பெரிய வரம். கணினி, இரண்டு டேப்லெட், அமைத்துக் கொடுத்தவருக்கான தொகை இவைதான் எங்கள் செலவு. கடைசியில் சொன்னதுதான் மற்ற இரண்டையும் விடப் பெரியது.

வேறு எதையும் பார்க்காமல் இதற்கு வந்துவிடவில்லை. கணக்குக்கு நாங்கள் இன்றும் வைத்திருக்கும் டேலியில் வருகைப் பதிவும் உண்டு, காஸ்ட் சென்டர் வழியாக ஜாப் வாரியான செலவுக் கணக்கும் உண்டு. ஆனால் அங்கே நிமிடங்களை யாராவது எழுதிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இயந்திரத்தருகே நின்று ஸ்டார்ட் அழுத்தும் வசதி அதன் நோக்கத்தில் இல்லை. பெல்ஜியத்தின் ஓடூவில் பட்டறைத் தளத்துக்கென்றே அமைந்த திரை பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருக்கிறது. அது கட்டணப் பதிப்பில் மட்டும் வருவதாலும், கட்டணம் ஆள் கணக்கில் ஏறுவதாலும் விட்டுவிட்டோம். பணம் பொருட்டில்லாதவர்கள் முதலில் அதைப் பார்ப்பது நல்லது. சோஹோ பீப்பிளில் வாடிக்கையாளர், திட்டம், ஜாப் என்று அடுக்கி நேரம் பதியும் முறை அலுவலக வேலைக்குக் கச்சிதம். இயந்திரமும் பீஸும் வரும் இடத்துக்கு அது போதாது.

ஒரே பொருளை ஆண்டு முழுவதும் ஓட்டுபவருக்கு இத்தனை பாடு தேவையில்லை. அவருக்கு ஷிஃப்ட் உற்பத்தி எண்ணிக்கையே போதும். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து விதமான வேலை மாறுகிற, கொட்டேஷனைத் தோராயத்தில் போட்டுக்கொண்டிருக்கிற பட்டறைக்கு ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஜாப் கார்டைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். முதல் இரண்டு மாத எண்களை நம்பாமல், ஒரே ஓர் இயந்திரத்தில் தொடங்கி, செட்டிங்கை முதல் நாளிலேயே தனி ஆபரேஷனாகப் பிரித்துவிடுங்கள். நாங்கள் இதைத் தாமதமாகச் செய்ததால் நான்கு மாதப் பதிவுகள் ஒப்பிட முடியாமல் வீணாயின.

பிராக்கெட்டுக்கு இப்போது 68 ரூபாய். 200க்குக் குறைந்தால் செட்டிங் கட்டணம் தனி. எங்கள் செட்டர் 200 என்று போடுவதற்கு ஒருவழியாக ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு செட்டிங் கார்டின் குறிப்புப் பெட்டியிலும் "பீஸ் ஓடவில்லை, செட்டிங் மட்டும்" என்று தமிழில் தட்டச்சு செய்த பிறகே கம்ப்ளீட் அழுத்துகிறார். அதற்கு ஆகும் அரை நிமிடமும் கார்டில் ஏறுகிறது: 4 ரூபாய்.